வெட்டினதா, பூட்டினதா?

கேள்வி:

எனக்கு 72 வயது. ஊர் விசுவமடு. படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்து மிளகாய் செய்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் காசில்தான் 1976இல், தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போகவிருந்த ஒரு துரையிடம் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். 1965ஆம் ஆண்டுக் கார். இரண்டு பேர் இருக்கலாம், கூரை கன்வஸ். பதிவை அப்போதே என் பெயருக்கு மாற்றிவிட்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டினேன். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஆட்களை ஏற்றி ஓடிய கார். எஞ்சின் களைத்துப்போக, ஏ9 பாதை திறந்த பிறகு 2003இல் டவுன் ஏஸ் வானின் 2சி டீசல் எஞ்சினும் கியர்பொக்ஸும் போட்டேன். சில்லுகளும் பழைய கொரோலாவுடையவை. 2006 யூலையில் பெயின்ற் அடிக்க வவுனியாவுக்கு அனுப்பினேன். ஓகஸ்ற்றில் பாதை பூட்டுப்பட்டது. கார் அங்கேயே நின்றதால் தப்பியது.

பழைய எஞ்சினை 2008 கடைசியில் கிறீஸ் பூசி, தறப்பாளில் சுற்றி, தேசி மரத்தடியில் தாட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து கிண்டி எடுத்தேன். பழைய கியர்பொக்ஸ் கொட்டிலோடு போய்விட்டது. காரின் பதிவுப் புத்தகமும் இடம்பெயர்வில் போய்விட்டது. போட்டோக் கொப்பி மட்டும் இருக்கிறது.

பிள்ளைகள் கனடாவில். ஒருவருக்கும் கார் வேண்டாமாம். எனக்கும் குனிந்து ஏற முழங்கால் விடுகிறதில்லை. விற்கலாம் என்றிருக்கிறேன். பழைய எஞ்சினைத் திருத்திப் பூட்டி, அசலாக்கி விற்பதா? மச்சான் சொல்கிறார், பழைய எஞ்சினைத் தனியாகக் கேட்கிற கொழும்பு ஆளுக்கு அதைக் கொடுத்துவிட்டு, காரைக் கலியாண ஓட்டத்துக்குக் கேட்பவர்களுக்குக் கொடு என்று. என்ன விலை சொல்வது? (2சி எஞ்சின் வாங்கிய கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை ரசீது காரின் டாஷ்போர்டுக்குள் கிடந்து தப்பியிருக்கிறது. உதவுமோ தெரியாது.)

பதில்:

ஐயா, பழைய எஞ்சினைப் பூட்ட வேண்டாம். தனியாக விற்கவும் வேண்டாம். கார் இப்போது நிற்கிறபடியே நிற்கட்டும், எஞ்சின் அதன் பக்கத்தில் இருக்கட்டும், இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. அடைப்புக்குள் போட்டு, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே ஒரு ரசீது, எனக்கு உங்கள் கடிதத்தின் முதல் வரி அதுதான். அதை இன்றைக்கே ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு வையுங்கள். பழைய ரசீதுகளின் மை நாளாக ஆக மங்கும், ஆகவே போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நான் வவுனியாவில் முப்பது வருடத்துக்கு மேல் கராஜ் வைத்திருந்தவன், இப்போது வாகன மதிப்பீடு மட்டும் செய்கிறேன். உங்கள் காரைப் போன்ற ஒன்று விசுவமடுவுக்கு எப்படி வந்தது என்று இன்றைய பொடியன்கள் கேட்பார்கள். 1970க்கும் 77க்கும் இடையில் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராமல் அரசாங்கம் மறித்தது. செத்தல் மிளகாய் மூட்டைக்குக் கிடைத்த விலையில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் கல்வீடு எழும்பியது, டிரக்டர் வந்தது. அதே நேரம் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. துரைமார் மூட்டை கட்டினார்கள். நுவரெலியாப் பக்கம் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்குக் கார் ஓட்டிப் பழகிய ஆட்கள் அவர்கள். பங்களாக் கராஜ்களில் நின்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் விலைக்கு வந்தன. மலையில் கார் விற்க நின்றவர்களும், வன்னியில் கையில் காசோடு நின்றவர்களும் ஒரே வருடத்தில் சந்தித்தார்கள். இதை நான் ரசனைக்காகச் சொல்லவில்லை. உங்கள் காரை வாங்கப்போகிறவர் காசு கொடுக்கப்போவதில் ஒரு பங்கு இந்தக் கதைக்குத்தான்.

சரி, காருக்கு வருவோம்.

மாற்றம் செய்த கார் என்றதும் வாங்க வருகிறவர் முகத்தைச் சுளிப்பார். சுளித்தால்தானே விலை குறைக்கலாம். ஆனால் வேலை தெரிந்தவர் மாற்றத்தைப் பார்த்துச் சுளிப்பதில்லை, அது எந்த வகை மாற்றம் என்றுதான் பார்ப்பார். எங்கள் கராஜில் ஒரே ஒரு கேள்விதான் கேட்போம்: வெட்டினதா, பூட்டினதா? நட்டும் போல்ற்றும் கழற்றினால் பழைய நிலைக்குப் போகுமென்றால் அது பூட்டின மாற்றம். அதனால் காரின் விலை பெரிதாக விழாது. தகட்டை வெட்டி, புதிதாக ஒன்றை ஒட்டியிருந்தால் அது வெட்டின மாற்றம். அதைத் திரும்பக் கொண்டுவர, தகட்டு வேலை செய்யும் ரிங்கர் பாஸ் ஒருவரின் பல மாத வேலை வேண்டும்.

உங்கள் கொரோலாச் சில்லுகள் பூட்டின மாற்றம். எம்.ஜி.பி.யின் தகட்டுச் சில்லுக்கும் பழைய பின்சில்லு இழுக்கிற கொரோலாவின் சில்லுக்கும் நாலு போல்ற் இடைவெளி ஒன்றே, அதனால்தான் இந்தப் பக்கத்தில் பலர் அப்படிப் போட்டார்கள். அசல் 14 அங்குலம், கொரோலாவுடையது 13. கார் கொஞ்சம் குந்தியிருப்பதுபோலத் தெரியும், ஸ்பீடோமீற்றரும் உள்ள வேகத்தை விடக் கூடுதலாகக் காட்டும். அவ்வளவுதான். பெயின்ற்றும் பெரிய விடயமில்லை. பற்றரி வைக்கிற இடத்து மூடியைத் தூக்கிப் பாருங்கள், டாஷ்போர்டுக்கு அடியிலும் தலையை விட்டுப் பாருங்கள். வவுனியாவில் அடித்த நிறம் அங்கெல்லாம் போயிருக்காது. ஐரிஸ் நீலமோ, பழைய வெள்ளையோ, என்ன நிறத்தில் அபிங்டன் தொழிற்சாலையை விட்டு வெளிக்கிட்டது என்று அங்கே தெரியும்.

நான் பயப்படுவது எஞ்சின் இருக்கும் குழிக்கும் கியர்பொக்ஸ் போகும் நடு முதுகுக்கும்தான். 2சி எஞ்சினை இருத்த உங்கள் மெக்கானிக் என்ன செய்தார்? எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் எம்.ஜி.பி.யின் அசல் மவுண்ட் தாங்கிகள் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு இடையில் ஒரு தகட்டைப் போல்ற் போட்டுப் பிடித்திருந்தால் அந்த மெக்கானிக்குக் கோயில் கட்டலாம். கியர் லீவர் வெளியே வருகிற ஓட்டையைப் பாருங்கள். டவுன் ஏஸ் கியர்பொக்ஸில் லீவர் வருகிற இடம் வேறு. முதுகுத் தகட்டில் புதிதாக ஒரு வாய் வெட்டியிருப்பார்கள். வெட்டிய துண்டை எறியாமல் வைத்திருக்கிறீர்களா? சிரிக்க வேண்டாம், வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டீசலுக்குப் பெரிய பற்றரி வேண்டும், அசலில் சீற்றுக்குப் பின்னால் இரண்டு சிறிய 6 வோல்ற் பற்றரிகள்தான். பெரியதை டிக்கிக்குள் கொண்டுபோயிருப்பீர்கள். டிக்கித் தகட்டை வெட்டினார்களா, சும்மா ஒரு சட்டத்தில் இருத்தினார்களா? எரிபொருள் தாங்கிக்கு டீசல் திரும்பி வரும் குழாய் ஒன்று ஒட்டியிருப்பார்கள், அது பரவாயில்லை, தாங்கி புதிதாகவே வாங்கலாம்.

இவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, கீழே இரண்டு வரி எழுதி வையுங்கள். விற்கும்போது வாங்குபவர் தானாகக் கண்டுபிடிக்கிற வெட்டு ஒன்று, நீங்கள் முதலிலேயே காட்டுகிற பத்து வெட்டை விடக் கூடுதலாக விலையைக் குறைக்கும்.

எஞ்சினைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். ஆனால் எம்.ஜி.பி.யில் உயிர் இருப்பது கதவுக்குக் கீழே, முன் மட்கார்ட்டிலிருந்து பின் மட்கார்ட் வரை பெட்டிபோல ஓடுகிற தகட்டில். ரிங்கர் பாஸ்மார் சில் பனல் என்பார்கள். உங்கள் காருக்குத் தகட்டுக் கூரை இல்லை, தனியாகச் செசி என்ற அடிச்சட்டமும் இல்லை. ஆகவே முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது அந்தப் பெட்டிகள்தான். வன்னி உலர்ந்த நாடு, முல்லைத்தீவுக் கடற்கரை உப்புக்காற்றில் நின்ற காரை விட விசுவமடுவில் நின்ற கார் தப்பும். ஆனால் மலைநாட்டு மழையில் பதினொரு வருடம் ஓடிவிட்டுத்தான் உங்களிடம் வந்தது. அத்தோடு வவுனியாவில் வருடக்கணக்காக வெளியில் நின்றிருக்கிறது.

ஒரு சோதனை சொல்கிறேன், பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். சமதரையில் காரை விட்டு, கியரில் போட்டு, மற்றப் பக்கச் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். கதவைத் திறந்து சாத்திப் பாருங்கள், எவ்வளவு இடைவெளி என்று கண்ணில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்கம் ஜாக்கி வைக்கிற இடத்தில் ஜாக்கியை வைத்து மெல்லத் தூக்குங்கள். காருக்கு அடியில் ஒருவரும் போகக்கூடாது. சில்லு நிலத்தை விட்டதும் கதவை மறுபடியும் திறந்து சாத்துங்கள். முதலில் சாத்தினதுபோலவே ‘டக்’ என்று விழுந்தால் பெட்டி பலமாக இருக்கிறது. கதவு எங்காவது உரசினால், அல்லது கதவு பூட்டுக்குப் போகாமல் நின்றால், கார் நடுவில் வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கி தகட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போனால் சோதனையே தேவையில்லை. பட்டி பூசிப் பெயின்ற் அடித்த இடம் எது என்று பார்க்கக் காந்தமும் போதும், ஆனால் கதவு பொய் சொல்லாது.

வருகிறவர் விவரமான ஆள் என்றால் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்வார். பழைய எஞ்சினைத் திருத்த லேத்காரர் சொல்லும் காசை இதற்குச் செலவழித்தாலாவது ஒரு நியாயம் இருக்கும். அதுகூட வேண்டாம், சோதனையின் முடிவை மறைக்காமல் சொன்னால் போதும்.

இப்போது தேசி மரத்தடி எஞ்சின்.

அதன் இரும்பு உடம்பில், அதாவது பிளொக்கில், ஒரு சின்னத் தகடு ஆணியடித்திருக்கும். 1965ஆம் ஆண்டு எஞ்சினென்றால் 18 ஜி.பி. என்று தொடங்கும். 1964 ஒக்டோபர் வரை இந்த எஞ்சினுக்கு மூன்று மெயின் பெயரிங்தான், 18 ஜி.பி.யில்தான் ஐந்தாக்கினார்கள். நல்ல எஞ்சின். 1798 சி.சி., இரண்டு எஸ்.யூ. காபரேற்றர். பொனற்றுக்குக் கீழே காரின் தகட்டில் ஜி.எச்.என்.3 என்று தொடங்கும் இலக்கம் இருக்க வேண்டும். ஜி என்றால் எம்.ஜி., எச் என்றால் அந்த அளவு எஞ்சின், என் என்றால் இரண்டு சீற் திறந்த கார். இந்த இரண்டு தகட்டையும் கழுவாமல், சுரண்டாமல், பழந்துணியால் துடைத்துப் படம் எடுங்கள்.

இங்கிலாந்தில் கேய்டன் என்ற இடத்தில் பிரித்தானிய மோட்டார் மியூசியம் இருக்கிறது. எம்.ஜி. தொழிற்சாலையின் பதிவேடுகள் அங்கேதான். காரின் இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் கட்டினால், எப்போது கட்டி முடித்தார்கள், என்ன நிறம், என்ன எஞ்சின் இலக்கம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்று சான்றிதழ் அனுப்புவார்கள். கனடாவில் இருக்கும் பிள்ளை ஒருவர் இதை ஒரு மாலைக்குள் ஒழுங்கு செய்யலாம். கார் வேண்டாம் என்றவர்கள் இதையாவது செய்யட்டும். அந்தச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும், நீங்கள் கிண்டி எடுத்த பிளொக்கில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருந்தால், கொழும்பு ஆள் ஏன் எஞ்சினை மட்டும் தனியாகக் கேட்கிறார் என்று உங்களுக்கு விளங்கும்.

எம்.ஜி.பி. ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்த கார். அதற்கு இன்றைக்கும் இங்கிலாந்தில் பிஸ்ரன் முதல் கதவுக் கைப்பிடி வரை புதிதாக வாங்கலாம். 1988இலிருந்து முழு உடம்புக் கூடே புதிதாக அடித்து விற்கிறார்கள். காசு இருந்தால் எல்லாம் வாங்கலாம், அந்தக் காரோடு பிறந்த இலக்கம் உள்ள பிளொக்கை மட்டும் வாங்க முடியாது. அதைத் தனியாகக் கொடுத்தால் கையில் வருவது இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே. அது இல்லாமல் போனதால் காரில் இறங்குகிற விலை அதைப்போலப் பல மடங்கு. மச்சானிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அப்படியானால் அதையே திருத்திப் பூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கேட்டும் இருக்கிறீர்கள்.

அந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடியது. எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும், நானே எத்தனையோ வாகனங்களை அப்படி மாற்றிக் கொடுத்தவன். சேலைன் குழாயில் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்வோம், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. உங்கள் எஞ்சினில் காபரேற்றரும் எக்ஸோஸ்ற்றும் ஒரே பக்கம், ஒன்றுக்கு மேலே மற்றது. இடையில் சூடு படாமல் ஒரு மறைப்புத் தகடு வைத்திருப்பார்கள். அந்தத் தகட்டைக் கழற்றி எறிந்தால் எக்ஸோஸ்ற்றின் சூட்டிலேயே மண்ணெண்ணெய் ஆவியாகும். உங்கள் எஞ்சினில் அந்தத் தகடு இருக்காது, பந்தயம் கட்டலாம். 8.8க்கு 1 என்ற அழுத்தத்துக்கு மண்ணெண்ணெய் தாங்காது, சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். அதற்கு ஹெட் கஸ்கற்றை இரண்டாக வைத்து அழுத்தத்தைக் குறைப்போம்.

இதெல்லாம் வெளியே தெரிகிற கெடுதி. உள்ளே நடப்பது வேறு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். நினைவிருக்கிறதா, ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறையாமல் கூடியிருக்கும். சிலர் சந்தோசப்பட்டார்கள், ஒயில் குடிக்காத எஞ்சின் என்று. மூக்கில் வைத்து மணந்தால் குப்பி விளக்கு மணம். தண்ணீராய்ப் போன அந்த ஒயிலில்தான் பெயரிங்குகள் ஓடின. கிராங்கும் பெயரிங்கும் என்ன நிலையில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே அதைத் திருத்துவது லேத்காரர் சொல்லும் சிலிண்டர் போர் வேலையோடு முடியாது. கிராங்க் தீட்ட வேண்டும், பெயரிங் எல்லாம் வரவழைக்க வேண்டும், காபரேற்றர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கியர்பொக்ஸ் இல்லை. 1967 வரையிலான எம்.ஜி.பி.யின் கியர்பொக்ஸ் தனி வகை, முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ், அதாவது கியர் உரசாமல் விழ வைக்கும் அமைப்பு, இல்லாதது. அது இங்கே தட்டுப்படுவது அருமை. வெளியிலிருந்து எடுத்து, சுங்கத்தில் காசு கட்டி, பூட்டி, ஓட்டிப் பார்த்து முடிக்க ஒன்றிரண்டு வருடம் போகும். நீங்கள் போடும் காசு விலையில் அப்படியே திரும்பாது. அசல் கார் தேடுகிறவர் தன் கையால், தன் மெக்கானிக்கைக் கொண்டு செய்விக்கத்தான் விரும்புவார். விற்பதற்காகத் திருத்திய எஞ்சினை அவர் எப்படியும் மறுபடி கழற்றுவார். நீங்கள் செலவழித்தால் அந்த வேலை இரண்டு முறை நடக்கும்.

லேத்துக்குக் கொடுப்பதானால் இன்னொரு ஆபத்து. பிளொக்கை மருந்துத் தண்ணீரில் போட்டுக் கழுவும்போது இலக்கத் தகடு கழன்று போகும். குப்பையோடு கூட்டித் தள்ளிவிடுவார்கள்.

2சி எஞ்சினை யாராவது குறை சொன்னால் கோபப்பட வேண்டாம். அதன் ஹெட் வெடிக்கிற வியாதி ஊரறிந்தது, கூலிங் சரியாக இருந்தால் ஓடும். 2003இல் விசுவமடுவில் இருந்துகொண்டு வேறு எதைப் போட்டிருப்பீர்கள்?

பேப்பர் வேலை. இதை விற்பனைக்கு முன் செய்யுங்கள், பின் அல்ல. புத்தகம் தொலைந்ததற்குப் பொலிஸில் முறைப்பாடு, சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, கையில் இருக்கும் போட்டோக் கொப்பி, அடையாள அட்டை, இவற்றோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இணைப்பிரதிக்கு விண்ணப்பியுங்கள். கொழும்புக்குப் போகுமுன் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாவட்டச் செயலகத்தில் விசாரியுங்கள், எது இங்கே முடியும், எது நாரஹேன்பிட்டியில் உள்ள திணைக்களத்தில்தான் முடியும் என்று சொல்வார்கள்.

புத்தகத்தில் இருப்பது பழைய எஞ்சின் இலக்கம், எரிபொருள் பெற்றோல், பழைய நிறம். காரில் இருப்பது டீசல். 2003இல் யார் இங்கிருந்து போய் அதை மாற்றிப் பதிந்தார்கள்? ஒருவரும் இல்லை. ஆனால் இன்றைக்கு வாங்குகிறவருக்கு அது தலைவலி. எஞ்சின் மாற்றத்தைப் பதிவதற்கு அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். இங்கேதான் பஞ்சிகாவத்தை ரசீது. அதில் எஞ்சின் இலக்கம் எழுதியிருந்தால் உங்கள் பாதிக் கஷ்டம் போச்சு. எழுதாமல் வெறுமனே ‘2சி எஞ்சின் 1’ என்று இருந்தாலும் எறிய வேண்டாம், கடையும் திகதியும் இருக்கிறதல்லவா. வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் எடுக்காமல் கிடக்கிறது என்பதையும் பிரதேச செயலகத்தில் கேட்டு, நிலுவை இருந்தால் தீர்த்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் உள்ள பழைய ஸ்ரீ இலக்கத் தகடுகளைப் புதுப்பிக்க வேண்டாம், நெளிந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் வெறும் படிவத்தில் கையெழுத்து வைத்து, மட்டும் கொடுக்காதீர்கள். நான் ஒரு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரை அப்படிக் கொடுத்தேன். வாங்கியவர் நல்ல மனிதர்தான், தெரிந்த குடும்பம். அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார், அவர் வேறொருவருக்கு. நாலு வருடம் கழித்து ஒரு காலை பொலிஸ்காரர் வாசலில் நிற்கிறார், விபத்து நடந்த காரின் சொந்தக்காரர் நானாம். மகளின் சாமத்தியச் சடங்குக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த நாள் அது. பெயர் மாற்றப் படிவங்களில் வாங்குபவர் எம்.ரி.ஏ. 6 நிரப்ப, நீங்கள் எம்.ரி.ஏ. 8 நிரப்பி, திகதி போட்டு, உங்கள் பங்கை நீங்களே திணைக்களத்துக்கு அனுப்பி, பதிவுத் தபால் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு விற்பது? உங்களிடம் மூன்று வகை ஆட்கள் வருவார்கள். கலியாண ஓட்டக்காரர் ஒருவர். பூ கட்டி, பொம்பிளை மாப்பிளையை இருத்தி, கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஓட்டுவதற்கு அவருக்குத் தேவை பார்வையும் ஸ்டார்ட் பிடிப்பதும். டீசல் என்றால் சந்தோசம். பழைய எஞ்சினை ஒரு மூலையில் போட்டுவிடுவார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் வெளிநாட்டுக்காரர் இன்னொருவர். காரைப் பார்த்ததும் கண் கலங்கும், விலையும் பேசுவார், இலண்டனுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பார். கொண்டுபோவதில் அர்த்தமில்லை. அங்கே இந்தக் கார் ஊருக்கு நாலு நிற்கும், கப்பல் கூலியில் அங்கேயே ஒன்று வாங்கிவிடலாம். இந்தக் காருக்கு விலை இங்கேதான், இங்கேதான் இது அருமை. விடுமுறை முடிந்து விமானம் ஏறினதும் பாதிப்பேர் போன் எடுக்க மாட்டார்கள், ஆகவே முற்பணம் வாங்காமல் காரை அவருக்கென்று மறித்து வைக்காதீர்கள்.

மூன்றாவது ஆள் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வரும் பழைய கார்ப் பிரியர். அவருக்குத்தான் இலக்கம் பொருந்தும் பிளொக்கின் அருமை தெரியும். டீசலைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார், கொரோலாச் சில்லைக் காலால் தட்டுவார். தட்டட்டும். எஞ்சின் கிடக்கும் கொட்டிலுக்குக் கூட்டிப்போனதும் குனிந்து தகட்டைத் தேடுகிறாரா என்று கவனியுங்கள். தேடினால் அவர்தான் ஆள். என் எண்ணம், இவரைத் தேடித்தான் நீங்கள் விற்க வேண்டும். கொஞ்சம் காத்திருக்க நேரும்.

காரைப் பார்க்காமல் நான் தொகை சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினபோது பழைய வாகனம் எல்லாவற்றுக்கும் கண்டபடி விலை ஏறியது, 2025இல் திறந்துவிட்டார்கள். அந்த இடைக்கால விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு ஏமாற வேண்டாம். கணக்குப் போடுகிற முறை இது: இதே வருட எம்.ஜி.பி., அசல் எஞ்சினோடு ஓடுவது, அண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். அதிலிருந்து கியர்பொக்ஸ், காபரேற்றர், எஞ்சின் வேலை, வெட்டின தகட்டு வேலை ஆகியவற்றைக் கழியுங்கள். அதன் பிறகு உங்கள் கதையைக் கூட்டுங்கள். கதை என்று வாயால் சொல்வது போதாது. 1976இல் வாங்கியது, தடைக் காலம், 2003, 2006, தேசி மரம் என்று திகதியோடு இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். எஞ்சினைத் தோண்டும்போது யாராவது படம் எடுத்திருந்தால் அதையும் சேருங்கள். காசை வங்கிக் கருமபீடத்தில் கணக்குக்கு மாற்றுவியுங்கள், வீட்டில் எண்ண வேண்டாம்.

விற்கப்போகிறேன் என்று மறுபடி பெயின்ற் அடிக்கவும் வேண்டாம். புதுப் பெயின்ற்றைக் கண்டால் உள்ளே பட்டியை மறைக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். கழுவி, துடைத்து, ரயருக்குக் காற்று அடித்தால் போதும்.

கடைசியாக ஒரு கைவேலை. பழைய எஞ்சினை எந்த ஸ்பானராலும் பிடித்துச் சுழற்றிப் பார்க்காதீர்கள், இப்போதைக்கு. பிளக் நாலையும் மெல்லக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் டீசலும் ஒயிலும் சரிபாதி கலந்து இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள். துணியால் அடைத்து ஒரு கிழமை விடுங்கள், பிறகு இன்னொரு தடவை விட்டு இன்னொரு கிழமை. அதன் பின் முன்பக்கப் புள்ளியின் (பெல்ற் ஓடும் சக்கரம்) நட்டில் நீளக் கை ஸ்பானர் போட்டு, அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே, அவ்வளவுதான். அசையவில்லையென்றால் திரும்பவும் ஊறவிடுங்கள். அசைந்தால் எனக்கு எழுதுங்கள், விலை பேச வருகிறவரிடம் அதையும் சொல்ல வேண்டும்.